கோதண்டத்தின் முன்னால் ஒரு வட்டம்

திரையை அடிப்பதற்கு முன்னால் மோகனப்பிரியா வலது கையின் கண்ணாடி வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். ஒருமுறை உடைந்து கையைக் கிழித்ததிலிருந்து வந்த பழக்கம். வளையல்கள் மேசைக்கு வந்துவிட்டால், கடையில் காத்திருப்பவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். "த பாரு, நேத்து நல்லாதான இருந்த? இன்னிக்கி என்னா வந்துச்சி ஒனக்கு?" என்று கணினியைக் கேட்பார். பதில் வருமோ என்பதுபோல ஒரு கணம் பார்ப்பார். அப்புறம் உள்ளங்கையால் பெட்டித் திரையின் பக்கவாட்டில் ஓர் அறை. வேலை செய்யும்போது அதில் ஓடும் வடிவமைப்பு மென்பொருளுக்குப் பெயர் 'நம்மாளு'. செய்யாதபோது 'சனியன்'. ஒரே மணி நேரத்தில் இரண்டு பெயரும் மாறி மாறி வரும்.

சிதம்பரம் வடக்கு வீதியிலிருந்து பிரியும் சந்தில், மருந்துக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே இருக்கிறது அவருடைய கடை. திருமணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று மனிதர் வாழ்க்கையில் பேனர் வைக்கும்படியான எல்லாவற்றுக்கும் அங்கே வடிவமைப்பு நடக்கும். கறுப்புக் கண்ணாடி போட்ட இளைஞர்களின் படங்களைப் பின்னணியிலிருந்து வெட்டியெடுத்து, பறக்கும் புறாக்களுக்கு நடுவே நிறுத்துவதில் அவருக்கு நிகர் இந்தப் பக்கத்தில் இல்லை. இறந்தவர் படம் மங்கலாக இருந்தால் கண்ணுக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டுவார். "கண்ணு தெரிஞ்சாதான் சார் வீட்டுல ஒக்காந்து பாக்க முடியும்."

நான் எங்கள் வாசகர் கூட்டத்தின் அறிவிப்புகளுக்காக மாதந்தோறும் அங்கே போகிறவன். முதல்முறை 'சிறப்புச் சொற்பொழிவு' என்று எழுதிக் கொடுத்தேன். வந்தது 'சிறப்புரை'. 'அன்போடு அழைக்கிறோம்' என்றது 'அன்புடன் வருக' ஆகியிருந்தது. யாரோ தமிழ் படித்தவர் திருத்தியிருக்கிறார் என்று நினைத்துக் கேட்டேன்.

"திருத்தல்லாம் இல்ல சார். சொற்பொழிவுல ரெண்டு எடத்துல ஒடையும். சிறப்புரைன்னா ஒண்ணும் ஆவாது."

உடைவது என்னவென்று காட்டினார். 'கோ' என்ற எழுத்தில் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். தட்டும்போது திரையில் ஒழுங்காகத்தான் நிற்கும். அச்சுக்குப் போகும் கோப்பாக மாற்றியவுடன் கொம்பு தனியே கழன்று, அதன் பக்கத்தில் புள்ளிகளாலான ஒரு வட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கொ, கோ, கௌ வரிசை முழுவதற்கும் இதே கதி. அதனால் மோகனப்பிரியா அந்த எழுத்துகள் இல்லாத ஒரு தமிழைத் தமக்கென்று உண்டாக்கி வைத்திருந்தார். பொங்கல் வாழ்த்து அவரிடம் தமிழர் திருநாள் வாழ்த்து ஆனது. தோழர்கள் நண்பர்கள் ஆனார்கள். கட்சிக்காரர் ஒருவர் இதற்காகச் சண்டைக்கு வந்ததும் உண்டு.

ஆட்களின் பெயரை அப்படி மாற்ற முடியாது. அதற்கு ஒட்டு வேலை. 'கே' என்று அடித்துவிட்டு, வேறு எங்கிருந்தோ ஒரு 'கா'வின் காலை வெட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்துவார். நின்ற இடம் ஒரு நூல் தள்ளிப்போனால் மறுபடி எடுப்பார். தமது முகவரி அட்டையில் மட்டும் அவர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. வெறும் 'பிரியா' என்று போட்டுக்கொண்டார். "எம்பேர எழுதவே வக்கில்லாத ஒண்ண வச்சிக்கிட்டு ஊருக்குப் பேரு எழுதிக்கினு இருக்கேன்" என்பார்.

அதை விட்டொழித்துவிட்டு வேறு வாங்கக் கூடாதா என்று எல்லோரும் கேட்பதுண்டு. முன்பு அவர் சம்பளத்துக்கு இருந்த கடையில் விலையுயர்ந்த மென்பொருள்களின் திருட்டுப் பிரதிகள்தாம் ஓடின. ஒருநாள் சோதனை வந்து கணினிகளை எல்லாம் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கிள்ளைக்குப் பக்கத்தில் முடசல் ஓடையில் கட்டுமரக் குடும்பத்தில் பிறந்து, பன்னிரண்டாவது முடித்து, பேருந்தில் வந்து வந்து கற்றுக்கொண்ட தொழில் நின்றுபோனது. அப்போதுதான் ஒரு கண்காட்சியில் ஜெயப்பிரகாஷைப் பார்த்தார். பொறியியல் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும் இளைஞர். ஓய்வு நேரத்தில், யாரும் காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தும் மென்பொருள்களைத் தமிழாக்கும் குழுவில் இருந்தார். உலகமெங்கும் இருக்கிற ஆட்கள் தங்கள் பொழுதைப் போட்டு எழுதுவது, யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று சொல்லி ஒரு குறுந்தகட்டைக் கொடுத்தார். "போலீஸ் வராதுல்ல தம்பி?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு அதை வாங்கி வந்து, 2007இல் மோகனப்பிரியா சொந்தக் கடை திறந்தார்.

அவர் வடிவமைப்பார். பெரிய பேனர் அடிக்கும் இயந்திரம் கடலூரில் இருக்கிறது. கோப்பைப் பென்டிரைவில் போட்டுப் பேருந்தில் கொடுத்தனுப்புவார். இரண்டாண்டு இப்படி ஒட்டிக்கொண்டும் வெட்டிக்கொண்டும் ஓடியது.

2009 தை மாதம் மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. என்னென்ன சரி செய்திருக்கிறார்கள் என்ற அறிவிப்பில், இந்திய மொழி எழுத்துகள் உடையும் பிழை நீக்கப்பட்டுவிட்டதாகப் போட்டிருந்தது. மோகனப்பிரியா சோதித்துப் பார்த்தார். கடையிலிருந்த சிறிய அச்சுப்பொறியில் 'கோ' முழுசாக வந்தது. அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

அந்த வாரம்தான் கோதண்டம் மகள் கல்யாணம். கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர். கிள்ளைப் பக்கத்துப் படகுகளின் இறாலில் பாதிக்குமேல் அவர்தான் எடுப்பார். மோகனப்பிரியாவின் கணவர் பச்சமுத்துவின் படகும் அதில் சேர்த்தி. துறைமுகத்திலிருந்து மண்டபம் வரைக்கும் வழிநெடுக பேனர் என்று சொல்லியிருந்தார். 'கோதண்டம் இல்லத் திருமண விழா' என்று மோகனப்பிரியா சொந்தக் கடையில் முதல்முறையாக ஒட்டு வேலை இல்லாமல் நேராக அடித்தார். கடலூர் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டும் தேவநாதன் தொலைபேசியில், "அக்கா, ஃபைலு தொறக்குது, கலர்லாம் நல்லாருக்குது. ஓட்டிடவா?" என்றார். ஓட்டச் சொன்னார்.

அந்த அச்சகத்தின் கணினி வேறு. அங்கே கொம்பு கழன்றது. மணமக்கள் படம் பளிச்சென்று இருந்ததால் எழுத்தை யாரும் பார்க்கவில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை, கட்டி முடித்த பிறகுதான் ஊர் பார்த்தது. கோதண்டத்தின் பெயருக்கு முன்னால் ஆளுயரத்துக்கு ஒரு கொம்பும், அதையொட்டி ஒரு வட்டமும்.

கோதண்டம் தொலைபேசியில் கத்தியதைப் பச்சமுத்துதான் வாங்கிக்கொண்டார். "டேய், ஒம் பொண்டாட்டி எம்பேருக்கு முன்னாடி சைபர் போட்டிருக்காடா! மீன் ஏலத்துல ஒவ்வொருத்தனும் சைபர் கோதண்டம்னு கூப்புடுறான். மாப்ள வீட்டுக்காரன் சாயங்காலம் வர்றான். நான் எங்க போயி மூஞ்சிய வச்சிக்கறது?"

மறுபடி அச்சடிக்க நேரம் இல்லை. இயந்திரம் வேறு வேலையில் இருந்தது. மோகனப்பிரியா அழவில்லை என்று சொல்கிறார். பச்சமுத்து, "அழுதா. பஸ்ஸுல அழுதா. எறங்கறப்ப தொடச்சிக்கினா" என்கிறார். கடலூரில் இறங்கி, வண்டிகளுக்குப் பெயர் ஒட்டும் கடைக்குப் போய், ஒட்டும் தாளில் பெரிய பெரிய 'கோ'க்களாக வெட்டச் செய்தார். பச்சமுத்து துறைமுகத்தில் ஓர் ஏணி கேட்டு வாங்கி வந்தார். கணவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மோகனப்பிரியா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, ஒவ்வொரு பேனரிலும் கொம்பையும் வட்டத்தையும் மறைத்து முழு எழுத்தை ஒட்டினார். கடற்காற்றில் பேனர் பாய்மரம்போல உப்பியது. ஒட்டும் தாள் சுருண்டு கையோடு ஒட்டிக்கொண்டது. கீழே நின்று வேடிக்கை பார்த்தவர்கள், "கொஞ்சம் சோத்துக்கைப் பக்கம்", "இன்னும் கீழ" என்று சொல்லிக்கொண்டே கூட நடந்தார்கள்.

பாதி வழியில் கோதண்டத்தின் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி அண்ணாந்து பார்த்தார்.

"எறங்கும்மா. உழுந்து கிழுந்து தொலச்சிட்டா அதுவும் எந்தலையிலதான் வரும்."

"இன்னும் கொஞ்சந்தான் பெரிப்பா. நீங்க போயி வேலையப் பாருங்க. மாப்ள வீட்டுக்காரங்க வர்றப்ப சைபர் இருக்காது."

கார் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது. மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது சைபர் இல்லைதான். ஆனால் அதன்பிறகு கோதண்டத்தின் வேலைகள் வேறு கடைக்குப் போயின. அவரைப் பார்த்துப் படகு முதலாளிகளும் போனார்கள். அந்தக் கோடையில் மோகனப்பிரியாவின் கடையில் மின்விசிறி ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? விலை கொடுத்து வாங்கிய பொருளென்றால் விற்றவன் சட்டையைப் பிடிக்கலாம். இதற்குக் கடை இல்லை, முதலாளி இல்லை. தமிழ்ப் பயனர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு மட்டும் இருந்தது. அதில் போய் எழுதினார். சரி செஞ்சிட்டேன்னு எழுதி ஏமாத்துறது என்ன பொழப்பு, நீங்கல்லாம் ஒரு பேனராவது கட்டியிருக்கீங்களா என்று தொடங்கி, என்னிடம் அவர் வாசித்துக் காட்டாத சில சொற்களோடு முடித்திருந்தார். யாரோ ஒருவர் நிதானமாகப் பதில் போட்டார்: 'இது தன்னார்வலர்கள் ஓய்வு நேரத்தில் செய்வது. நீங்கள் காசு கொடுத்து வாங்கவில்லை. முடிந்தால் நீங்களே திருத்தி அனுப்பலாம்.'

அதற்கு அவர் எழுதியது அந்தக் குழுவில் இன்றைக்கும் பேசப்படுகிறது. 'கெளங்கா மீனு நாறுதுன்னு சொன்னா, நீயே கடலுக்குப் போயி புடிச்சிக்கன்னு சொல்றீங்க. சும்மா குடுத்த மீனா இருந்தாலும் தின்னா வயித்தால போறது போறதுதான். நல்லாருக்குன்னு சொல்லி ஏன் குடுத்தீங்க?'

எழுதிவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். மறுநாள் ஜெயப்பிரகாஷ் தொலைபேசியில் வந்தார்.

"அக்கா, நீங்க கேட்டதுல ஒரு வார்த்த தப்பு இல்ல. நல்லாருக்குன்னு சொன்னது எங்க தப்புதான். ஆனா அவ்ளோ எழுதியிருக்கீங்களே, என்னா ஆச்சின்னு மட்டும் எங்கயும் இல்லியே?"

"ஒடஞ்சிபோச்சின்னு எழுதியிருக்கேனே!"

"எது? எப்போ? எந்த மெசின்ல? ஒங்க பிரிண்டர்ல நல்லா வந்துச்சா இல்லியா? இதெல்லாம் தெரியாம அங்க ஒக்காந்திருக்கறவரு எதப் போயி பாப்பாரு?"

ஞாயிற்றுக்கிழமை மோகனப்பிரியா அண்ணாமலை நகரில் ஜெயப்பிரகாஷ் வீட்டுக்குப் போனார். சண்டை போடத்தான் போனதாகச் சொல்கிறார். கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஜெயப்பிரகாஷ் கதவைத் திறந்தார். மனைவி வேலைக்குப் போயிருந்தார். குழந்தை தூங்கினால்தான் கணினி. காத்திருந்து, அது தூங்கியபின் பிழைகளைப் பதியும் பக்கத்தைத் திறந்து காட்டினார். எழுத்தெல்லாம் ஆங்கிலம். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மோகனப்பிரியா கேட்டார். இதே பிழையை மலையாளத்துக்காரர் ஒருவர் எப்போதோ பதிந்திருந்தார். வங்காளத்துக்காரர் ஒருவர் கீழே வந்து 'எனக்கும்' என்றிருந்தார். இன்னும் எத்தனையோ 'எனக்கும்'. சிலர் திட்டியிருந்தார்கள்.

"இவுங்கள்லாம் யாரு தம்பி?"

"ஒங்கள மாதிரிதான்க்கா. எங்கியாவது கட வச்சிருப்பாங்க."

"அவுங்களும் ஏணி ஏறியிருப்பாங்க, பாவம்" என்றார் மோகனப்பிரியா. சண்டை அங்கே தணிந்தது என்று ஜெயப்பிரகாஷ் சொல்கிறார். மோகனப்பிரியா இதை ஒப்புக்கொள்வதில்லை.

மென்பொருளில் எழுத்தை அச்சுக் கோப்பாக மாற்றும் பகுதியைக் கவனித்துக்கொண்டிருந்தவர் போலந்து நாட்டுக்காரர். எங்கோ ஒரு கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டு விடுமுறை நாளில் இதைச் செய்பவர். முதலில் மோகனப்பிரியா கோதண்டம் வீட்டுப் பேனரை மணமக்கள், புறாக்கள், ரோஜாக்கள் எல்லாவற்றோடும் அப்படியே அனுப்பி வைத்தார். திறக்கவே முடியவில்லை, பிழை தெரியும்படியான மிகச் சிறியதொன்றை அனுப்ப முடியுமா என்று பதில் வந்தது. "ஒரே எழுத்து போதும்க்கா" என்றார் ஜெயப்பிரகாஷ். மோகனப்பிரியா தம் பெயரின் முதலெழுத்தான 'மோ'வை அனுப்பினார். தம் கடையில் அச்சானது ஒரு படம், கடலூரில் அச்சானது ஒரு படம், பக்கத்தில் பக்கத்தில் வைத்து.

போலந்துக்காரரிடமிருந்து ஒரே வரியில் கேள்வி வந்தது. இரண்டில் எது சரி?

மோகனப்பிரியா கடகடவென்று சிரித்துவிட்டார். பின்னால் என்னிடம் சொன்னார்: "அவருக்கு ரெண்டும் கோலம் மாதிரிதான் தெரியுது சார். எது நல்ல கோலம்னு தெரியாமயே அந்த மனுசன் இவ்ளோ நாளு அத சரி பண்ணிக்கினு இருந்திருக்காரு. இத யாரும் அவருக்குச் சொல்லவே இல்ல, எல்லாரும் எனக்கும் எனக்கும்னு எழுதிட்டுப் பூட்டாங்க." சரியானதைச் சுற்றிப் பச்சைக் கோடும் தவறானதைச் சுற்றிச் சிவப்புக் கோடும் போட்டு அனுப்பினார். அன்றுமுதல் அவர் 'போலந்து அண்ணன்'.

அண்ணன் அனுப்பிய முதல் சோதனைப் பதிப்பில் மென்பொருளே திறக்கவில்லை. வளையல்கள் மேசைக்கு வந்தன. அடுத்ததில் 'கோ' சரியாகி, 'கொ' உடைந்தது. அதற்கடுத்ததில் இரண்டும் நின்றன, 'கௌ' மட்டும் வட்டத்தோடு வந்தது. இத்தனை தூரம் வந்ததே பெரிது என்று ஜெயப்பிரகாஷ் நினைத்தார்.

"கௌவன்னா யாருக்கா ஜாஸ்தி எழுதப்போறாங்க? அத அப்பறம் பாத்துக்கலாம். இப்ப இத வெளியிடச் சொல்லிடுவோம்."

"ஏன், கௌசல்யாவுக்கெல்லாம் கல்யாணமே ஆவாதா? முடிஞ்சிருச்சின்னு எழுதிட்டு முடிக்காம உட்டதுக்குத்தான தம்பி நான் ஏணில ஏறுனேன். சொல்லு அவருகிட்ட. காத்திருக்கேன்."

காத்திருந்தார். அதற்குள் ஆடி போய் ஆவணி வந்தது. வங்காளத்துக்காரரும் மலையாளத்துக்காரரும் இவரைப் பார்த்துத் தங்கள் எழுத்துகளையும் பச்சைக் கோடு, சிவப்புக் கோடு போட்டு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். கடைசியில் வந்த பதிப்பை மோகனப்பிரியா தம் அச்சுப்பொறியில் நம்பவில்லை. கொ கோ கௌ முதல் னொ னோ னௌ வரைக்கும் ஒரு நீளப் பேனரில் வரிசையாக அடித்து, தாமே கடலூருக்கு எடுத்துக்கொண்டு போனார். தேவநாதன் இயந்திரத்தை ஓட்ட ஓட்ட, குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். ஒரு வட்டம்கூட இல்லை. அந்தப் பேனர் இப்போது முடசல் ஓடைக் கரையில் பச்சமுத்துவின் வலைகளுக்கு மேல் வெயில் படாமல் மூடிக் கிடக்கிறது. அதனடியில் நண்டுகள் போய் வருகின்றன.

பிழை தீர்ந்ததென்று ஊருக்கு யார் சொல்வது? போன வாடிக்கை ஒவ்வொன்றாகத்தான் திரும்பியது. பேரனுக்குக் காதுகுத்து வந்தபோது கோதண்டம் தாமே சந்துக்குள் நடந்து வந்தார். நாற்காலியில் உட்காராமல், "வட்டம் இல்லாம போடுவியா?" என்றார். மோகனப்பிரியா அவர் கண்முன்னாலேயே பெயரை அடித்து, கோப்பாக மாற்றி, அதைத் திறந்து பெரிதாக்கிக் காட்டினார். கோதண்டம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தம் பெயரைப் படித்தார். அப்புறம் உட்கார்ந்தார்.

மென்பொருள் இன்றைக்கும் முரண்டு பிடிக்கிறது. நிழல் போடச் சொன்னால் சில நேரம் அப்படியே உறைந்துபோகிறது. அண்ணனுக்கு எழுதியிருக்கிறாராம். தமிழ்க் குழுவில் மறுபடி சேர்ந்துவிட்ட மோகனப்பிரியாவின் கைபேசி எண் எப்படியோ இந்த வட்டாரத்துத் தட்டச்சுக் கடைகளுக்கெல்லாம் போயிருக்கிறது. போன வாரம் நான் உட்கார்ந்திருந்தபோது பண்ருட்டியிலிருந்து ஒருவர் அழைத்தார். இவர்தான் அந்த மென்பொருளை எழுதியவர் என்று யாரோ சொல்லியிருப்பார்கள்போல. எடுத்த எடுப்பிலேயே வசவு. கல்யாணப் பத்திரிகையாம், பாதியில் மூடிக்கொண்டதாம், சும்மா கொடுத்தால் எதை வேண்டுமானாலும் கொடுப்பதா, உங்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லையா என்று எனக்கே கேட்கும்படி கத்தினார்.

'அதை எழுதியது நான் இல்லை' என்று மோகனப்பிரியா சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "நீங்க சொல்லுங்கண்ணே, எழுதிக்கறேன்" என்றார். கைபேசியை மேசைமேல் வைத்து, விசைப்பலகையை இழுத்துக்கொண்டு, பிழை பதியும் பக்கத்தில் புதிதாக ஒன்றைத் திறந்தார். எதிர்முனையில் திட்டு நிற்கவில்லை. மோகனப்பிரியா ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுத் தட்டத் தொடங்கினார்.